சர்வர் விழலாம், வேலை நிற்கலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் மாணவி)

'சர்வர் இல்லை' என்னும் இரண்டு சொற்களை இன்று அறியாதவர் எவரும் இலர். பணம் எடுக்கச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பி வந்தால், "என்ன ஆயிற்று?" என்று கேட்பதற்குப் பதிலாக, "சர்வர் இல்லையா?" என்றே பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். மழை இல்லை, காற்று இல்லை என்று சொல்வதைப் போலச் சர்வர் இல்லை என்று சொல்லவும் கேட்கவும் நாம் பழகிவிட்டோம். வானம் பொய்த்தால் யாரை நோவது? அதுபோலச் சர்வர் பொய்த்தாலும் யாரையும் நோவதற்கில்லை என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

சர்வர் என்பது ஒரு கணிப்பொறி. அதில் மின்விசிறி உண்டு, தேயும். வட்டு உண்டு, கெடும். மின்சாரம் தரும் பகுதி உண்டு, புகையும். பழுதாகாத இயந்திரத்தை இதுவரை எவரும் செய்ததில்லை, இனியும் செய்யப்போவதில்லை. ஆனால் சர்வர் பழுதாவது வேறு. அதில் நடந்துகொண்டிருந்த வேலை நின்றுபோவது வேறு. முன்னதைத் தடுக்க இயலாது. பின்னதைத் தடுக்கும் வழிகள் பல ஆண்டுகளாகவே உள்ளன. அவற்றுள் சில காசில்லாமலே கிடைக்கின்றன. அப்படியிருந்தும் வேலை நிற்கிறதென்றால், பொறுப்பில் இருப்பவர்கள் இன்னும் ஒத்திகை பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள்.

அந்த வழிகளுக்கெல்லாம் அடிப்படை மெய்நிகர் கணிப்பொறி. இயக்க முறைமைப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஏற்ற சொல் இது. மூன்று வரி எழுதிவிட்டு நாம் அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். பிற துறை நண்பர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பெரிய வீடு ஒன்றைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு வாடகைக்கு விடுவதில்லையா? ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி வாசல், தனி அடுப்படி, தனிப் பூட்டு. அதுபோலப் பெரிய சர்வர் ஒன்றின் நினைவகத்தையும் செயலியையும் வட்டையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு தனிக் கணிப்பொறி போல நடக்கச் செய்கிறது ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள். உள்ளே ஓடும் நிரலோ, முழுக் கணிப்பொறியும் தனக்கே உரியது என்று நம்பிக்கொண்டிருக்கிறது! அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தார் 1960களின் நடுவில் இம்முறையை உருவாக்கினர். 1972இல் அது வி.எம்./370 என்ற பெயரில் வெளிவந்தது. ஆகவே இது நேற்று முளைத்த புதுமை அன்று. நம் பெற்றோர் வயதுடைய கலை.

வீட்டு உவமை ஓரிடத்தில் பொருந்தாது. குடித்தனத்தைச் சுவரோடு பெயர்த்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோக முடியாது. மெய்நிகர் கணிப்பொறியைக் கொண்டுபோகலாம். ஏனெனில் அது முழுவதும் தகவல். அதன் வட்டும் ஒரு கோப்பு, அதன் அமைப்பும் ஒரு கோப்பு, அதன் நினைவகமோ எண்களின் வரிசை. எண்களைப் படியெடுக்கலாம்; படியெடுத்ததை வேறோர் ஊருக்கும் அனுப்பலாம். இந்த ஒரு பண்பிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கின்றன.

நம்மில் பலர் பேருந்தில் வருபவர்கள். நடுவழியில் வண்டி நின்றுபோனால் நடத்துநர் நம்மை இறக்கிப் பின்னால் வரும் வண்டியில் ஏற்றிவிடுவார். இறங்கி, காத்திருந்து, இடிபட்டு ஏற வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து ஓடுகிற இன்னொரு வண்டிக்கு, உறங்கும் பயணி கண்விழிக்காமல், மடியில் இருக்கும் பூக்கூடை கவிழாமல் மாற்ற முடியுமா? கணிப்பொறியில் முடியும். 2003இல் வி.எம்.வேர் நிறுவனம் இதைச் செய்யும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையும் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த கிறிஸ்டோபர் கிளார்க் முதலிய எண்மர், ஸென் என்னும் ஹைப்பர்வைசரில் அதைச் செய்து, செய்த முறையை எவரும் படித்தறியும்படி கட்டுரையாக வெளியிட்டனர்.

முறை எளிது, கேட்டால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். முதலில் நினைவகம் முழுவதையும் பக்கம் பக்கமாகப் புதிய சர்வருக்குப் படியெடுக்கிறார்கள். படியெடுக்கும்போதும் பழைய இடத்தில் வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. எனவே சில பக்கங்கள் அதற்குள் மாறிவிடும். மாறியவற்றை மட்டும் மறுபடி அனுப்புகிறார்கள். அதற்குள் இன்னும் சில மாறும், அவற்றையும் அனுப்புகிறார்கள். சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறைகிறது. மிகச் சிறிதாகிவிட்ட பின் ஒரு நொடிப்பொழுது நிறுத்தி, அந்த மிச்சத்தையும் அனுப்பி, புதிய இடத்தில் தொடரச் செய்கிறார்கள். 'இந்த முகவரிக்கு உரியவர் இனி இப்பக்கம்' என்று வலையமைப்புக்கும் ஓர் அறிவிப்புப் போகிறது. ஆறு பேர் ஆடிக்கொண்டிருந்த க்வேக் 3 என்னும் கணிப்பொறி விளையாட்டின் சர்வரை இவ்வாறு அவர்கள் மாற்றியபோது, ஆட்டம் நின்ற நேரம் 60 மில்லி நொடி. நாம் கண் இமைப்பதற்கு இதைவிட அதிக நேரமாகும். பெரிய வங்கிக் கணக்கோ, வானிலைக் கணக்கோ எடுக்காமல் துப்பாக்கி விளையாட்டைச் சோதனைக்கு எடுத்தார்களே என்று வியந்தேன். யோசித்தால், வேகமாக ஆடுபவனைப் போல் சிறு தடங்கலையும் கண்டுபிடிக்கும் சோதனையாளன் வேறு யார்?

இதனால் என்ன பயன்? மின்விசிறி முனகத் தொடங்கியதும், வட்டு எச்சரிக்கை தந்ததும், சர்வரைக் காலி செய்துவிட்டுப் பட்டப்பகலில் பழுது பார்க்கலாம். 'பராமரிப்புப் பணி காரணமாகச் சேவை இல்லை' என்ற பலகைக்கு வேலை குறையும். ஆனால் நண்பர்களே, இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய சர்வர் உயிரோடு இருந்து ஒத்துழைக்க வேண்டும். திடீரென்று மாண்டுபோன சர்வரிலிருந்து எதைப் படியெடுப்பது?

இவ்விடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாள்களில் 'உயர் கிடைப்பு' என்று போட்டிருக்கும். சர்வர் செத்தாலும் வேலை அப்படியே தொடரும் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்வார். உண்மையில் நடப்பது வேறு. சர்வர் மாண்டால் அதன் நினைவகத்தில் இருந்தவை போயின, போனவை போனவைதாம். மெய்நிகர் கணிப்பொறியின் வட்டைப் பொதுவான வேறோர் இடத்தில் வைத்திருந்தால், அல்லது செஃப் போன்ற மென்பொருள் அதைப் பல சர்வர்களில் மூன்று படிகளாக வைத்திருந்தால், இன்னொரு சர்வர் அந்த வட்டைக் கொண்டு அதை மீண்டும் தொடங்கும். மீண்டும் தொடங்கும் என்றால், மின்சாரம் போய் வந்த கணிப்பொறி எப்படித் தொடங்குமோ அப்படி. வட்டில் எழுதப்பட்டது இருக்கும். பாதி தட்டச்சு செய்தது இராது. இதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நள்ளிரவில் ஒருவர் எழுந்து, வண்டி பிடித்து வந்து, சாவி தேடித் திறந்து சர்வரைப் பார்ப்பதற்குப் பதிலாக, இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே வேலை எழுந்து நிற்கிறதென்றால் அது பெரிய காரியம். இருந்தாலும் தொடர்வது வேறு, மீண்டும் தொடங்குவது வேறு என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

அப்படியானால் உண்மையாகவே தொடர வழி இல்லையா? உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2008இல் 'ரீமஸ்' என்ற ஒன்றைச் செய்து காட்டினர். ஓடும் மெய்நிகர் கணிப்பொறிக்கு வேறொரு சர்வரில் ஓர் இரட்டையை வைத்து, 25 மில்லி நொடிக்கு ஒரு முறை வரை, அதாவது நொடிக்கு நாற்பது முறை, மாறியவற்றை இரட்டைக்கு அனுப்புகிறார்கள். இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு நுட்பம். இரட்டைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது என்ற ஒப்புதல் வரும்வரை, மூத்தது வெளியுலகுக்கு ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது. 'உங்கள் பணம் கட்டப்பட்டது' என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு அடுத்த கணம் மாண்டால், இரட்டைக்கு அது தெரியாமல் போகுமே! தம்பி அறியாததை ஊராரிடம் சொல்லாத அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு விடையும் சற்றே தாமதமாகும், வலையமைப்பில் நெரிசலும் கூடும். ஆகவே எல்லா வேலைக்கும் இதை வைப்பதில்லை.

மேற்சொன்ன எதையும்விடக் கடினமான ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு சர்வர் மாண்டுவிட்டது என்று தீர்மானிப்பவர் யார்?

சர்வர்கள் ஒன்றுக்கொன்று நாடித்துடிப்புப் போலச் சிறு செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. துடிப்பு நின்றால் மாண்டுவிட்டதாகக் கொள்கிறார்கள். ஆனால் மாண்டது சர்வராக இல்லாமல் இடையிலுள்ள கம்பியாக இருந்தால்? இரண்டும் உயிரோடு இருக்கும். இரண்டும் மற்றது மாண்டதாக எண்ணும். இரண்டும் ஒரே மெய்நிகர் கணிப்பொறியை ஓட்டத் தொடங்கும். இரண்டும் ஒரே வட்டில் எழுதும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டில், ஒருவர் இருப்பதை மற்றவர் அறியாமல் இரண்டு எழுத்தர்கள் ஒரே பக்கத்தில் எழுதினால் கணக்கு என்ன ஆகும்? சேவை அரை மணி நேரம் நின்றால் மன்னிக்கலாம். கணக்கு கலைந்தால் மீட்பது அரிது.

இதற்குக் கண்டிருக்கும் தீர்வு நம் ஊராட்சிக்குப் பழக்கமானதுதான்: பெரும்பான்மை. மூன்று சர்வர்களை வைக்கிறார்கள். இரண்டு ஒன்றையொன்று காணமுடிந்தால் அந்த இரண்டுக்கே அதிகாரம். தனித்துப்போன ஒன்று, தான் நலமாக இருந்தாலும், தன் வேலையை நிறுத்திவிட வேண்டும். இரண்டே சர்வர்களை வாங்கி 'ஒன்று போனால் ஒன்று' என்று மகிழ்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பெரும்பான்மை ஆகாது. மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறு பெட்டியாவது வேண்டும்.

தனித்துப்போனது நிறுத்திவிட வேண்டும் என்று சொன்னால் போதுமா? நிறுத்தாவிட்டால்? அதற்காகவே சர்வருக்குள் 'காவல் நாய்' என்று பெயர்பெற்ற ஒரு கடிகாரம் இருக்கிறது. குறித்த நேரத்துக்கு ஒரு முறை அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். பெரும்பான்மையோடு தொடர்பு இழந்த சர்வர் தட்டிக்கொடுப்பதை நிறுத்திவிடும்; குறித்த நேரம் கடந்ததும் கடிகாரம் சர்வரையே விழுத்தி மறுதொடக்கம் செய்துவிடும். இன்னொரு முறையில், பிழைத்திருக்கும் சர்வர்கள் சந்தேகத்துக்குரிய சர்வரின் மின்சாரத்தையே வெளியிலிருந்து துண்டித்துவிடும். இதற்குத் துறையினர் வைத்திருக்கும் பெயர் 'மற்றவனைத் தலையில் சுடு' என்ற பொருளுடையது! கேட்கக் கொடுமையாகத் தோன்றும்.

எனக்குக் கொடுமையாகத் தோன்றவில்லை. என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. ஊடு நூல் அறுந்தாலோ, தாரில் நூல் தீர்ந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும். அதற்கென்று தறியின் ஓரத்தில் சிறு கவைபோல் ஒன்று இருக்கிறது. தறி ஓட ஓட ஊடு நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். நூல் இல்லையென்றால் தறியை நிறுத்திவிடும். நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்? சத்தம் கேட்கும், நாடா ஓடும், துணி மட்டும் வராது. வந்தாலும் சீத்தையாக வரும், கூலியும் பிடிபடும். ஓடிக்கொண்டே தவறு செய்வதைவிட நின்றுவிடுவது நல்லது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பள்ளிப்படிப்பைத் தாண்டாத என் தந்தைக்கு நான் காவல் நாய்க் கடிகாரத்தை விளக்கியபோது, இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துகொண்டார்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா என்று கேட்பவர்களுக்கு 2018இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிட்ஹப் என்பது உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஒரு பழுதுபார்ப்பின்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அதன் தரவு மையத்துக்கும் வலையமைப்பு மையத்துக்கும் இடையே தொடர்பு 43 நொடிகள் அறுந்தது. அவ்வளவுதான், 43 நொடிகள். அதற்குள் தானியங்கி மென்பொருள் 'கிழக்கு மாண்டது' என்று தீர்மானித்துத் தரவுத்தளத்தின் பொறுப்பை மேற்குக் கரைக்குக் கொடுத்துவிட்டது. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச் சேராதவை சில இருந்தன. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவையும் சேர்ந்துவிட்டன. இரண்டையும் இணக்கி முழுச் சேவைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. காக்கவென்று வைத்த கருவியே நெருக்கடியைப் பெரிதாக்கியது. இவர்களிடம் பணம் இல்லையா, அறிவாளிகள் இல்லையா? இரண்டும் இருந்தன. நாடு முழுவதும் குறுக்கே பொறுப்பு மாறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவர்கள் முழுமையாகச் செய்து பார்த்திருக்கவில்லை.

இது புதிய பாடமும் அன்று. ஜிம் கிரே என்ற அறிஞர், பழுதிலும் நில்லாத கணிப்பொறிகளைச் செய்துவந்த டான்டம் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது, 'கணிப்பொறிகள் ஏன் நிற்கின்றன?' என்று ஆராய்ந்து 1985இல் எழுதினார். நின்றவற்றுள் நூற்றுக்கு 42 நிர்வாகத்தாலும், 25 மென்பொருளாலும், 18 மட்டுமே வன்பொருளாலும் நின்றன என்று அவர் கண்டார். இரட்டை இரட்டையாக வன்பொருள் வாங்கி அடுக்கியவர்களிடமே கணக்கு அப்படி இருந்தது! நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், 'புது சர்வர் வாங்க நிதி ஒதுக்கீடு' என்றுதான் செய்தி படிக்கிறோமே தவிர, 'பழைய சர்வரை நிறுத்தி ஒத்திகை' என்று படிப்பதில்லை.

படி வேறு, காப்பு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரட்டை என்பது மூத்தது செய்வதையெல்லாம் செய்யும்; மூத்தது அழித்தால் அதுவும் அழிக்கும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன பொறியாளர் ஒருவர் ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை இன்னொன்றில் அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு முறைகள் இருப்பதாக நம்பியிருந்தார்கள். தேடிப் பார்த்தபோது ஒன்றும் ஒழுங்காக இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு படி கிடைத்ததால் பிழைத்தார்கள். தங்கள் மீட்புப் பணியை உலகமே பார்க்க யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள் என்பதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். எத்தனை அலுவலகங்கள் இதைச் செய்யும்?

எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டியது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தேஜோன் நகரில் அந்நாட்டு அரசின் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. 647 அரசுச் சேவைகள் நின்றன என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்து 709 என்றார்கள். என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்ற பட்டியலே சரியாக இல்லை என்பதை அந்த எண் மாற்றம் சொல்கிறது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் கிடங்கு, 858 டெராபைட், எரிந்துபோயிற்று. மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியில் வேறு படி வைத்திருக்கவில்லையாம்! உலகில் இணையத்தை மிக முன்னேறிய முறையில் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று அது.

கொரியாவில் தீப்பிடித்தால் நமக்கென்ன என்று தோன்றலாம். நமக்கு நேர்வதோ தீயில்லாமலே நேர்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஒரு விண்ணப்பத்தை இணையம் வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் கணிப்பொறி இல்லை. கல்லூரி விண்ணப்பம் என்றால் என்னவென்று சொல்லத் தெரிந்தவரும் இல்லை. என் தாய் தார் சுற்றும் வேலையை விட்டுவிட்டு என்னோடு நகரத்துக்கு வந்தார். கணிப்பொறி மையத்தில், "சர்வர் வரலீங்க அம்மிணி, நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாளும் போனோம், மாலைவரை சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள்தான் காரியம் ஆயிற்று. பெண்களுக்கு நகரப் பேருந்தில் அன்று கட்டணம் இல்லை. எனவே செலவு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்று நாள் கூலி? அந்தத் தளத்தை நடத்தியவர்கள் ஏட்டில் 'சிறு தடங்கல்' என்று எழுதியிருப்பார்கள். வீட்டில் கணிப்பொறி உள்ளவர்கள் இரவு பதினொரு மணிக்கு மறுபடி முயன்றிருப்பார்கள். தடங்கல் எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குக் கொடுத்த விலை ஒன்றன்று. எங்களுடைய மூன்றாம் நாள் கடைசி நாளாக இல்லாமற்போனதால் நான் இன்று இந்தக் கல்லூரியில் இருக்கிறேன். கடைசி நாளில் வந்தவர்கள் எங்கிருக்கிறார்களோ!

எல்லாச் சர்வருக்கும் இரட்டை வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நூலகத்தின் நூற்பட்டியல் ஓரிரவு தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. ஆண்டில் நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் ஓடினால் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் நிற்கலாம், 99.99 என்றால் 52 நிமிடம், 99.999 என்றால் 5 நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு 9க்கும் விலை உண்டு. அந்த விலையை எதற்குக் கொடுப்பது என்று ஆராய்ந்துதான் கொடுக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த எட்டே முக்கால் மணி நேரமும் கடைசி நாளன்று ஒரே பகலில் வந்தால், ஆண்டறிக்கையில் 99.9 என்று பெருமையாகவே எழுதலாம்! எனவே எத்தனை 9 என்று கேட்பதோடு, எந்த நாளில் நின்றது என்றும் கேட்க வேண்டும்.

"எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, இனி இந்தக் கவலை பெரிய நிறுவனங்களுக்கு" என்று நண்பர் சிலர் சொல்கிறார்கள். கிளவுடு என்பதும் எங்கோ ஓர் ஊரில் இருக்கும் சர்வர்தான். 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் நிறுவனத்தின் வட வர்ஜீனியா மையத்தில், ஒரு தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவைத் தானியங்கி ஒன்று வெறுமையாக்கிவிட்டதால் உலகெங்கும் பல செயலிகள் நின்றன. ஒரே இடத்தில் ஒரே மெய்நிகர் கணிப்பொறியை வாடகைக்கு எடுத்துவிட்டு, விழாது என்று நம்பினால் அது வாடகைக்கு விட்டவரின் குற்றமாகுமா? மேலும், அந்தப் பெரிய நிறுவனங்களில் இந்த வேலையைப் பார்க்கப்போகிறவர்கள் யார்? நாம்தாமே!

ஆகவே நம் துறை ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஆய்வகத்தின் மூலையில், பயன்பாட்டிலிருந்து நீக்கிய மேசைக் கணிப்பொறிகள் உறைபோட்டு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்று போதும். பாடத்துக்கு நேரம் இல்லை என்றால் சனிக்கிழமைப் பிற்பகல் போதும். ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருள் இலவசம். அதன் உள்ளே இருப்பது 2007 முதல் லினக்ஸோடு சேர்ந்து வரும் கே.வி.எம். என்னும் ஹைப்பர்வைசர். மூன்றையும் இணைத்து, ஒரு மெய்நிகர் கணிப்பொறியில் துறையின் வருகைப் பதிவேட்டையோ வினாத்தாள் தொகுப்பையோ வைப்போம். வட்டைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடுத்த கணிப்பொறிக்குப் படியெடுக்கச் சொல்வோம். பிறகு, அது ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியின் மின்கம்பியைப் பிடுங்குவோம். ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் வேலை பக்கத்துக் கணிப்பொறியில் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் எழுதியவை எங்கே என்று தேடுவோம், அவை இரா. ஏன் இரா, இருக்கச் செய்வதற்கு என்ன விலை என்பதுதான் அடுத்த சனிக்கிழமைப் பாடம். எழாவிட்டால் இன்னும் நல்லது. அன்று முழுவதும் பாடம்தான்.

அடுத்து மின்கம்பியை விட்டுவிட்டு வலையமைப்புக் கம்பியை மட்டும் பிடுங்குவோம். தனித்துப்போன கணிப்பொறி ஒரு நிமிடத்தில் தானே விழுகிறதா என்று மணி பார்ப்போம். இரண்டை ஒருசேரப் பிடுங்கி, மூன்றாவது நலமாக இருந்தும் வேலையை ஏற்க மறுக்கிறதா என்றும் பார்ப்போம். கெட்டுப்போனால் கெடுவது, ஏற்கெனவே கழித்துவிட்ட கணிப்பொறி. செலவு என்று சொன்னால் ஒரு சிறிய ஸ்விட்சும் நான்கு கம்பியும். எங்கள் வகுப்பிலேயே வசூலித்துவிடுவோம். துறைத்தலைவர் இசைந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கலாம். முதல் கம்பியைப் பிடுங்குவது யார் என்பதில் மட்டும் வகுப்பில் இப்போதே போட்டி இருக்கிறது. சீட்டுக் குலுக்க வேண்டியிருக்கும்.